நான் சொல்லாத வார்த்தை

ஜன்னலத் தொறந்தே வைங்க மகள். குளிரெல்லாம் எனக்குப் பழக்கம். கினிகத்தேனை தாண்டினா வளைவு ஜாஸ்தி, மூடி வச்சா எனக்கு வாந்தி வரும். நான் அவ்வளவா பஸ்ல போறதில்ல. மலைக்கு வேலைக்குப் போவேன், வீட்டுக்கு வருவேன். டவுனுக்கு எப்பவாவது.

இந்தப் பையையா பாக்கிறீங்க? எங்க தோட்டத்துல எல்லா வீட்டுலயும் இந்த மஞ்சப் பை இருக்கும். என்னா எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது, நீங்க வாசிச்சிருப்பீங்க. சிங்கப்பூர்ல ஒரு சபை. அந்தச் சபையோட வாலிபப் புள்ளைங்க வருஷக் கடைசியில லீவு விட்டா இங்க வருவாங்க. அவுங்க மிஷன் ட்ரிப்னு சொல்லுவாங்க, எங்க பாஸ்டர் ஊழியப் பயணம்னு சொல்லுவாரு. வந்து ஒரு பத்து நாள் இருந்துட்டு, போறப்ப வீட்டுக்கு ஒரு பை குடுப்பாங்க. சவுக்காரம், துவாலை, பிஸ்கட்டு, இப்படி. நல்ல துணி. இத்தனை வருஷமாச்சு, கிழியல.

எனக்கு இத என் மகதான் குடுத்தா. அவளும் அந்தக் கூட்டத்தோடதான் வந்தா.

அது எப்படின்னா, முதல்ல இருந்து சொல்லணும். உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்குங்க. நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு வர்றேன்.

எம்பேரு புஷ்பராணி. மஸ்கெலியாப் பக்கம், தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறேன். ஒரே மக, நிரோஷினி. நிரோன்னு கூப்பிடுவோம். அவ அப்பா அவ சின்னப் புள்ளையா இருக்கிறப்பவே நெஞ்சு வலின்னு போயிட்டாரு. நான் அழலன்னு எங்க லயத்து வரிசை வீடுகள்ல பேசினாங்க. எனக்கு அழுகை சீக்கிரம் வராது. அது ஒரு குணம். சில பேருக்கு வேர்க்காது இல்லையா, அந்த மாதிரி.

நிரோ ஏ.எல் வரைக்கும் படிச்சா. கேம்பஸ்ல படிக்க எடம் கிடைக்கல. எங்க தோட்டத்துல சபை நடத்துற பாலர் பாடசாலை ஒன்னு இருக்கு, அதுல ஜெசிந்தா டீச்சருக்கு உதவியா இருந்தா. அந்த டீச்சர்கிட்டதான் இங்கிலீஷ் கத்துக்கிட்டா. டீச்சர் சும்மா சொல்லக் கூடாது, நல்லாக் கத்துக் குடுத்தாங்க. கொஞ்சம் கொறையாக் கத்துக் குடுத்திருக்கலாமோன்னு இப்ப தோணுது.

சிங்கப்பூர் புள்ளைங்க மொத தடவை வந்தது அப்பதான். ரெண்டு வேன் நிறைய. எல்லாரும் ஒரே மாதிரி மஞ்சள் சட்டை. பாதிப் பேரு தமிழ் ஆளுக, ஆனா தமிழ் வராது. பாதிப் பேரு சீனப் புள்ளைங்க. டெரிக்னு ஒரு தம்பி, அவருதான் தலைவர். பாலர் பாடசாலைக்குப் பெயிண்ட் அடிச்சாங்க. எங்களுக்குக் கூரைதான் பிரச்சினை. பாடசாலையும் ஒழுகும், லயமும் ஒழுகும். பாஸ்டர் கேட்டுப் பாத்தாரு. கூரையில ஏறுறதுக்கு அந்தப் புள்ளைங்களுக்கு இன்சூரன்ஸ் இல்லையாம். அதனால சுவருக்கு அடிச்சாங்க. வானம், மீன், யானை எல்லாம் வரைஞ்சாங்க. வெயில்ல நின்னு முகமெல்லாம் செவந்து போய் வேலை செஞ்சுச்சுங்க. எங்க புள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்தாங்க. அவுங்கள நான் கொறை சொல்ல மாட்டேன்.

அவுங்க பேசுறத எங்களுக்கும், நாங்க பேசுறத அவுங்களுக்கும் நிரோதான் சொல்லணும். பத்து நாளும் அவ வாய் ஓயல. அவ அப்படிப் பேசி நான் பாத்ததே இல்ல. அந்தக் கூட்டத்துல ப்ரிசில்லான்னு ஒரு புள்ள, நிரோ வயசுதான், அவ கூடவே திரியும். எங்க ஒத்த அறைக் காம்பராவுக்கு வந்து தரையில உக்காந்து சாயத்தண்ணி குடிக்கும். போற அன்னைக்கி நிரோ கையப் பிடிச்சுக்கிட்டு, "நீ சிங்கப்பூர் வா, எங்க வீட்டுல தங்கிப் படிக்கலாம், நான் பாத்துக்கிறேன்"னு சொல்லிச்சாம். வேன்கிட்ட எல்லாரும் அழுதாங்க. டெரிக் தம்பி கூட அழுதாரு. நான் நின்னுக்கிட்டு இருந்தேன்.

அதுக்குப் பொறகு போன்லயே இருந்தா. ப்ரிசில்லா இதச் சொல்லிச்சு, ப்ரிசில்லா அதச் சொல்லிச்சு. எந்தப் படிப்புப் படிக்கலாம்னு ரெண்டும் பேசிக்குங்க. அப்படியே ஒரு வருஷம் போச்சு. பொறகு ஒரு நாள் ப்ரிசில்லாவோட அம்மாவே பேசினாங்க. மேடம் நல்லாத் தமிழ் பேசுவாங்க, ப்ரிசில்லாவுக்குத்தான் வராது. மூத்த மகளுக்குக் குழந்தை பொறந்திருக்கு, அவ வேலைக்குப் போகணும், வீட்டுல வேலை செஞ்ச புள்ள நின்னுடுச்சு. "தெரியாத ஆள வீட்டுக்குள்ள விட பயமா இருக்கு. நிரோன்னா நம்ம சபைப் புள்ள. அனுப்புங்க, சொந்தப் பிள்ளை மாதிரி வச்சுக்கிறேன்"னாங்க.

நான் சரின்னுட்டேன். யாரு மாட்டேம்பா?

நிரோ அன்னைக்கி அடுப்புக்கிட்ட உக்காந்திருந்தா. "வேலைக்கா அம்மா கூப்பிடுறாங்க?"ன்னு கேட்டா.

"குழந்தையப் பாத்துக்கிறதுக்கு" அப்படின்னேன்.

"படிக்கிறதுக்குன்னுதானே சொன்னா."

"அங்க இருந்துக்கிட்டே படிக்கலாம். சாயங்காலத்துல சபையில ஏதோ கிளாஸ் இருக்காம், மேடம் சொன்னாங்க. அவுங்க வீட்டுல இருக்கிறதே ஒரு படிப்புதான்."

அவ அடுப்புல விறகத் தள்ளிவிட்டா. பாஸ்டர் வந்து, கர்த்தர் தொறந்த வாசல நாம சாத்தக் கூடாதுன்னு ஜெபம் பண்ணாரு. வெளிநாட்டு வேலைக்குப் போறவங்களுக்குன்னு ஒரு பயிற்சி இருக்கு, மெஷின்ல துணி துவைக்கிறது, குழந்தையக் குளிப்பாட்டுறது. அதை முடிச்சிட்டு வந்தப்ப, "பாஸ் பண்ணிட்டேன் அம்மா, முதல் ஆளா வந்தேன்"னு சொல்லிச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். அவ எப்பவும் படிப்புல கெட்டி.

அங்க நல்லாத்தான் வச்சிருந்தாங்க. ஒரு கொறையும் இல்ல. இத்தனை மாடின்னு சொல்லுவா, லிஃப்ட்லதான் போகணுமாம். பாப்பா கூடவே படுக்கை. போனை மேடம் வாங்கி வச்சிருவாங்களாம், ஞாயித்துக்கிழமை மட்டும் குடுப்பாங்களாம். வயசுப் புள்ள, கெட்டுப் போயிடக் கூடாதுன்னுதானே. மத்த வீட்டு வேலைக்காரப் புள்ளைங்க ஞாயித்துக்கிழமை லீவு எடுத்துக்கிட்டு ஊர் சுத்துதுங்களாம். இவள அப்படி விடல, சபைக்குத் தங்களோடயே கூட்டிக்கிட்டுப் போவாங்களாம். அங்க சின்னப் புள்ளைங்க அழாம பாத்துக்கிறது இவதான். ஆராதனைக்குள்ள உக்காந்தியான்னு கேட்டேன். கண்ணாடி வழியாத் தெரியும் அம்மான்னு சொன்னா.

அந்தக் கிளாஸ் பத்தி ஒரு தடவை கேட்டேன். பாப்பா தூங்குற நேரம்னு சொன்னா.

ப்ரிசில்லா? ப்ரிசில்லா யுனிவர்சிட்டி போயிடுச்சு. ஒரே வீடுதான், ஆனா அந்தப் புள்ளைக்கு நேரம் இருக்காதுல்ல.

ரெண்டாவது வருஷம் ஆராதனையில பாஸ்டர் அறிவிச்சாரு, இந்தத் தடவை மேடமும் குடும்பத்தோட வர்றாங்க, நம்ம நிரோஷினியும் ஊழியக் குழுவுல ஒருத்தியா வர்றான்னு. சபையே கை தட்டிச்சு. எம்மேல கை வச்சு ஜெபம் பண்ணாங்க.

நான் தேங்கா ரொட்டியும் கட்டச் சம்பலும் செஞ்சு வச்சிட்டு, காலையில வேலைக்குப் பேர் பதியிற பிரட்டுக்களத்துல போய் நின்னேன். வேன் வந்துச்சு. புள்ளைங்க இறங்குச்சுங்க, எல்லாம் மஞ்சச் சட்டை. நான் இவளத் தேடிக்கிட்டே இருக்கேன். கடைசியில எம்முன்னாலயே வந்து நிக்கிறா, எனக்கு அடையாளம் தெரியல. முடிய ஒட்ட வெட்டியிருந்தா. இடுப்பு வரைக்கும் இருந்த முடி. சாப்பாட்டுல விழுதுன்னு மேடம் வெட்டச் சொன்னாங்களாம். ஈரம் காயும், வசதிதான்னு சொன்னேன்.

இடுப்புல பாப்பா. எங்கிட்ட வந்தா, பாப்பா வீல்னு கத்துச்சு. புது முகம்ல. "பயப்படுது அம்மா"ன்னு சொல்லிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்னா. தள்ளி நின்னுக்கிட்டே கதைச்சோம். இளைச்சிருக்கியேன்னு கேட்டேன். வேன்ல வந்ததுன்னு சொன்னா.

அவுங்க எல்லாரும் ஹட்டன்ல கெஸ்ட் ஹவுஸ்ல தங்கினாங்க. காலையில வேன்ல வருவாங்க, சாயங்காலம் போயிருவாங்க. ஒரு நாளாவது எங்கூடப் படுக்கட்டும்னு மேடத்துக்கிட்ட கேட்டேன். மேடம் எங்கையப் பிடிச்சுக்கிட்டு, "உங்க மக இல்லாம எங்க பாப்பா தூங்கவே தூங்காது"ன்னாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு. அந்த அளவுக்கு அங்க ஒட்டிக்கிட்டா. ரொட்டிய டீச்சர் வீட்டுப் புள்ளைங்களுக்குக் குடுத்துட்டேன்.

பை குடுக்கிற அன்னைக்கி எல்லாரும் வரிசையில நின்னோம். குடுக்கிற இடத்துல இவளையும் நிறுத்தியிருந்தாங்க. எம்முறை வந்துச்சு. ரெண்டு கையாலயும் பையப் பிடிச்சு நீட்டினா. எல்லாருக்கும் சொன்ன மாதிரி, "கர்த்தர் உங்கள ஆசீர்வதிப்பாராக"ன்னு எனக்கும் சொன்னா. நான் ஸ்தோத்திரம்னு வாங்கிக்கிட்டேன். டெரிக் தம்பி, இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு சொல்லிப் படம் எடுத்தாரு. அதனால திருப்பிக் குடுத்து திருப்பி வாங்கினேன்.

மறுநாள் பீலியில தண்ணி பிடிச்சுக்கிட்டு இருக்கேன். பீலின்னா எங்க பக்கம் மலையில இருந்து குழாய் போட்டுத் தண்ணி விழுற இடம். இவ பாப்பாவோட பால் போத்தலக் கழுவுறதுக்கு வந்தா. பாப்பா கூட இல்ல. வந்ததுல இருந்து அப்பதான் தனியா நின்னோம்.

"அம்மா, நான் இங்கயே நின்னுட்டா என்னா?" அப்படின்னா.

"எங்க நிக்கிறது?"

"இங்க. வீட்டுல. போகாம."

"பாஸ்போர்ட் மேடம்கிட்டதானே இருக்கு. அவுங்க என்னா நெனைப்பாங்க? குழந்தைய யாரு பாக்கிறது?"

"நீங்க கேட்டா விட்டுருவாங்க அம்மா. நான் கேட்டா நன்றி இல்லாதவம்பாங்க. நீங்க கேட்டா சபைப் புள்ளைங்க முன்னால அவுங்களால மாட்டேன்னு சொல்ல முடியாது. ஒரு வார்த்தை கேளுங்க."

"நான் எப்படிக் கேக்கிறது புள்ள? அடிக்கிறாங்களா உன்ன?"

"இல்ல."

"சாப்பாடு?"

"குடுக்கிறாங்க."

"அப்புறம் என்னா?"

அவ போத்தலக் கழுவிக்கிட்டே இருந்தா. சுத்தமாயிடுச்சு போதும்னு நான் சொன்னேன். அதுக்குப் பொறகும் கழுவினா. சரி, புள்ளைக்கு ஊர் ஏக்கம், ரெண்டு நாள்ல போயிடும்னு நெனைச்சேன். எனக்கு வேற என்னா தோணும்? பட்டினி இல்ல, அடி இல்ல. எங்க லயத்துல இருந்து குவைத்துக்குப் போன புள்ளைங்க கையில சூட்டுத் தழும்போட வந்திருக்கு.

பொறகு வீடு சந்திப்புன்னு ஒன்னு நடந்துச்சு. குழு குழுவாப் பிரிஞ்சு வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணுவாங்க, நாம சாட்சி சொல்லணும். எங்க காம்பராவுக்கு டெரிக் தம்பி, ப்ரிசில்லா, ரெண்டு சீனப் புள்ளைங்க வந்தாங்க. வழி காட்டுறதுக்கு ஜெசிந்தா டீச்சர் வந்து வாசல்ல நின்னாங்க. மேடம் வரல, ஏத்தம் ஏற முடியலன்னு சேர்ச்சுலயே இருந்துட்டாங்க. பாப்பாவும் அவுங்ககிட்ட. மழை வேற. உள்ள ரெண்டு இடத்துல சட்டி வச்சிருந்தேன். ஒரு கதிரைதான் இருக்கு, அதத் தொடச்சு நிரோவுக்குப் போட்டேன். அவ மொழிபெயர்க்கணும்ல. டெரிக் தம்பி கேமராவ நிறுத்தி வச்சிட்டு இங்கிலீஷ்ல கேட்டாரு.

நிரோ எங்கிட்ட, "உங்க வாழ்க்கையில கர்த்தர் என்னா செஞ்சாருன்னு கேக்கிறாங்க" அப்படின்னா.

நான் சொன்னேன், "நல்லா இருக்கேன். மக நல்ல இடத்துல இருக்கா. ஸ்தோத்திரம்." அவ்வளவுதான் சொன்னேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

அவ கொஞ்ச நேரம் எம்முகத்தையே பாத்தா. பொறகு அந்தப் பக்கம் திரும்பி இங்கிலீஷ்ல சொல்ல ஆரம்பிச்சா. சொல்றா, சொல்றா, சொல்லிக்கிட்டே இருக்கா. நான் சொன்னதுக்கு அவ்வளவு நேரம் ஆகுமான்னு எனக்கே சந்தேகம். இங்கிலீஷ்ல நீளமா வரும் போலன்னு நெனைச்சுக்கிட்டேன். அவ அழல, கத்தல, படிச்சு ஒப்பிக்கிற மாதிரி சொன்னா. சீனப் புள்ள ஒன்னு கண்ணத் தொடச்சிச்சு. எம்மக நல்லாப் பேசுறாளேன்னு நான் தலையாட்டி, "ஆமா, ஆமா"ன்னேன்.

டெரிக் தம்பி கேமராவ அமத்திட்டு இன்னொன்னு கேட்டாரு. நிரோ எங்கிட்ட, "நீங்க உண்மையாத்தான் சொல்றீங்களான்னு கேக்கிறாங்க அம்மா" அப்படின்னா.

"உண்மைதான். கர்த்தர் சாட்சி."

அதையும் சொன்னா. ப்ரிசில்லா எந்திரிச்சு வந்து எங்கைய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "சாரி ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி"ன்னு சொல்லிச்சு. அந்தப் புள்ளை காலு சட்டியில பட்டுத் தண்ணி சிந்தியிருந்துச்சு. பரவால்லம்மான்னேன். வாசல்ல பாத்தா டீச்சர் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறாங்க.

சாயங்காலம் என்னச் சேர்ச்சுக்குக் கூப்பிட்டாங்க. மேடம் இருந்தாங்க, பாஸ்டர் இருந்தாரு, டெரிக் தம்பி இருந்தாரு. நிரோ பாப்பாவத் தோள்ல போட்டுக்கிட்டுச் சுவரோரமா நின்னா. எனக்கும் டீ குடுத்தாங்க.

மேடம் சொன்னாங்க, "புஷ்பம்மா, பிள்ளைங்க எல்லாம் அழுதுகிட்டு வந்து எங்கிட்ட சண்டை போடுறாங்க. நிரோவை இங்கயே விட்டுட்டுப் போங்கன்னு நீங்க கேட்டீங்களாமே. எங்கிட்டயே நேரா கேட்டிருக்கலாம். நான் யாரையும் பிடிச்சு வைக்கிற ஆள் இல்ல. உங்களுக்கு மக வேணும்னா இப்பவே பாஸ்போர்ட்டைக் குடுத்துடறேன். டிக்கெட்டெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீங்க சொல்லுங்க."

மகள், எனக்குத் தலையில மரம் விழுந்த மாதிரி இருந்துச்சு. நான் எப்பக் கேட்டேன்? டெரிக் தம்பி என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு, பாஸ்டர் கீழ பாக்கிறாரு. அவ்வளவு செஞ்சவங்க முன்னால நான் என்னமோ புள்ளையப் பறிச்சுக்கிட்டதா அழுத மாதிரி.

"ஐயோ மேடம், நான் அப்படிச் சொல்லவே இல்ல. சாமி சத்தியமாச் சொல்லல. மக நல்ல இடத்துல இருக்கான்னுதான் சொன்னேன்" அப்படின்னேன்.

"அப்போ யார் சொன்னது?"

பாப்பா நிரோ தோள்ல தூங்கிடுச்சு, அது மூச்சு விடுறது கேக்குது.

நிரோதான் சொன்னா. "நான் தப்பா மொழிபெயர்த்துட்டேன் மேடம். எனக்கு இங்கிலீஷ் இன்னும் சரியா வரல."

மேடம் சிரிச்சுட்டாங்க. பாஸ்டரும் சிரிச்சாரு. மேடம் அவ தோளத் தட்டி, அடுத்த வருஷம் அந்தக் கிளாசுக்குக் கட்டாயம் போகணும்னு சொன்னாங்க. எனக்கு அப்பதான் மூச்சு வந்துச்சு. டெரிக் தம்பி மட்டும் சிரிக்கல. அவருக்குத் தமிழ் அரைகுறைதானே, விளங்கியிருக்காது.

நான் நிரோவப் பாத்தேன். அவ என்னப் பாக்கல. பாப்பாவுக்குத் தொப்பியச் சரி பண்ணிக்கிட்டு இருந்தா.

போற அன்னைக்கி வேன்கிட்டப் போனேன். எல்லா ஜன்னல்லயும் கைய ஆட்டுறாங்க. இவ உள்பக்கமா உக்காந்திருந்தா, பாப்பாவுக்குக் காத்துப் படக் கூடாதுல்ல.

நான் இதுல செஞ்ச தப்பு என்னா? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க. நான் சொல்லாத வார்த்தைய என் வாயில வச்சா. கேமரா முன்னால, வெளிநாட்டுக்காரங்க முன்னால. நான் சொல்லலங்கிறத சொல்லலன்னேன். பொய் சொன்னது நான் இல்ல. இதுல எனக்கு வருத்தம் இருக்கக் கூடாதா? எம்புள்ள என்ன ஒரு நன்றி கெட்டவளாக் காட்டிட்டாளேன்னு எனக்கு இன்னைக்கும் வருத்தம் இருக்கு.

அதுக்குப் பொறகும் ஞாயித்துக்கிழமை பேசுவா. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மழையா, மழைதான், சரி வச்சிடறேன். அதுவும் கொறைஞ்சு கொறைஞ்சு நின்னு போச்சு. நான் எடுத்தா எடுக்கிறதில்ல. ஒப்பந்தம் முடிஞ்சு இங்க வந்துட்டான்னே எனக்குத் தெரியாது. ஜெசிந்தா டீச்சர் சொல்லித்தான் தெரியும். வத்தளையில குழந்தைங்களப் பாத்துக்கிற இடம் ஒன்னுல வேலையாம். வந்து ஒரு வருஷத்துக்கு மேலாச்சு. ஏர்போர்ட்ல இருந்து நேரா அங்க போயிருக்கா. டீச்சர்கிட்ட மட்டும் பேசுவாளாம்.

அத டீச்சர் சொன்னப்ப நான் பழையதையெல்லாம் திரும்பச் சொன்னேன். என் வாயில இப்படி வச்சுட்டாளே, நான் ஒன்னுமே சொல்லலையேன்னு. டீச்சர் வழக்கமாக் கேட்டுட்டுப் பேசாம இருப்பாங்க. அன்னைக்கி, "அக்கா, அவ இங்கிலீஷ்ல என்னா சொன்னான்னு உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாங்க.

"அவள இங்க விட்டுட்டுப் போங்கன்னு நான் சொன்னதாச் சொன்னா, வேற என்னா?"

"இல்லக்கா. உக்காருங்க, சொல்றேன்."

அவுங்க சொன்னாங்க. நிரோ சொன்னாளாம், எங்கம்மா சொல்றாங்க, மக போன நாள்ல இருந்து நான் கதவுகிட்டதான் படுக்கிறேன்னு. நான் கதவுகிட்டப் படுக்கிறது உண்மைதான். உள்ள ஒழுகுது மகள், வேற எங்க படுக்கிறது? பொறகு, இன்னமும் ரெண்டு பேருக்குத்தான் சோறு வடிக்கிறேன்னு சொன்னாளாம். மிஞ்சினா காலையில மலைக்குக் கட்டிக்கிட்டுப் போகலாம், அதுக்குத்தான். அவ தலையணைய நான் துவைக்கலன்னு சொன்னாளாம். மலைநாட்டுல போட்டா காயுமா, நீங்களே சொல்லுங்க. கடைசியா, "எனக்கு நீங்க ஒன்னும் தர வேணாம், சுவரு வேணாம், பை வேணாம், எம்புள்ளைய மட்டும் குடுத்துட்டுப் போங்க, இருக்கிறத வச்சு நாங்க பொழைச்சுக்குவோம்"னு நான் சொன்னதாச் சொன்னாளாம்.

நான் அப்படியெல்லாம் பேசுற ஆள் இல்ல. அவ்வளவு பேச்சு எனக்கு வராது.

டீச்சர்கிட்ட ஒன்னு மட்டும் கேட்டேன். கதவுகிட்டப் படுக்கிறது, சோறு வடிக்கிறது, அதெல்லாம் அவ போன பொறகு நடந்தது. நான் யாருக்கும் சொன்னதில்ல. அங்க இருந்துக்கிட்டு இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். டீச்சர் புள்ளைங்களுக்கு மணி அடிக்கணும்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

இப்ப அவகிட்டதான் போறேன். வேற ஒன்னுக்கும் இல்ல. ஏதோ வேலைக்கு பேர்த் சர்டிபிகேட் வேணும்னு டீச்சர்கிட்ட கேட்டிருக்கா. தபால்ல போட்டுருங்க அக்கான்னு டீச்சர் சொன்னாங்க. தபால்ல போட்டா தொலைஞ்சுரும். இன்னைக்கி மலையில வேலையும் இல்ல. கொண்டுபோய்க் கையில குடுத்துட்டுத் திரும்பிடுவேன். வர்றேன்னு அவகிட்ட சொல்லல. சொன்னா வராதீங்கம்பா.

இது என்னா ஊரு, அவிசாவளையா? வந்துருச்சா அதுக்குள்ள?

மகள், ஒரு உதவி. இதுதான் அவ நம்பர், டீச்சர் எழுதிக் குடுத்தாங்க. எம்போன்ல இருந்து எடுத்தா பாத்துட்டு வச்சுருவா. உங்க போன்ல இருந்து ஒரு கோல் எடுத்துப் பாக்கிறீங்களா? இல்ல, எங்கிட்டக் குடுக்க வேணாம். நீங்களே பேசுங்க. அம்மா பஸ்ல வர்றாங்க, பக்கத்துலதான் இருக்காங்கன்னு சொல்லுங்க. எதுக்குன்னு கேட்டா சர்டிபிகேட்டுக்குன்னு சொல்லுங்க.

வேற என்னா சொன்னாங்கன்னு கேப்பா. கேப்பான்னுதான் நெனைக்கிறேன். எனக்கு என்னா சொல்றதுன்னு தெரியல. இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டு வந்தீங்க இல்லையா, நீங்களாப் பாத்து ஏதாவது சொல்லுங்க. உங்களுக்கு என்னா தோணுதோ அத, நான் சொன்னதாவே சொல்லுங்க. நீளமாச் சொன்னாலும் பரவால்ல.

இந்தத் தடவை நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்.